கழிவு என்னும் சொல்லும் கடைத்தெரு வாசிப்பும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடர் ஒன்றிலே பருப்பு விலையையும் பால்மா விலையையும் பேசுவதா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். பழந்தமிழ்ப் புலவர்கள் அவ்வாறு எண்ணவில்லை. காதலைப் பாட வந்த அகநானூற்றுப் பாடல் ஒன்றிலேயே பண்டத்துக்கு விலை கூறும் குரல் கேட்கின்றது. அம்மூவனார் பாடிய 140ஆம் பாடல் அது. உமணர் குடியிற் பிறந்த இளம்பெண் ஒருத்தி கைவளைகள் ஒலிக்க ஊர்த்தெருவிலே உப்பு விற்று வருகின்றாள். பழக்கமில்லாத குரலைக் கேட்ட வீட்டு நாய் குரைக்கின்றது. அவள் அஞ்சுகின்றாள். அஞ்சிய அந்தக் கண்களைக் கண்டு ஒருவன் மனம் இழக்கின்றான். இது காதல் பிறந்த கதை. ஆயினும் இன்று நாம் கவனிக்க வேண்டியது அவள் கூறிய விலையை. உப்பும் நெல்லும் ஒத்த அளவு என்பதே அந்த விலை. இன்றைய பேச்சிலே சொன்னால், ஒரு படி உப்புக்கு ஒரு படி நெல்.

இந்த விலைக் கூற்றிலே மறைந்து நிற்பது எதுவுமில்லை. எவ்வளவு தருகிறாள், எவ்வளவு பெறுகிறாள் என்ற இரண்டும் ஒரே மூச்சில் வெளிப்படுகின்றன. வீட்டுப்பெண் தன் கையிலுள்ள அளவையாலேயே அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். எழுத்தறியாதவருக்கும் அந்த விலை விளங்கும்.

பட்டினப்பாலைக்கு வாருங்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாராட்டுகிறார். அவர்களுடைய செல்வத்தை மட்டும் அவர் பாராட்டவில்லை. நுகத்தடியின் நடுவில் நிற்கும் ஆணியைப் போல ஒருபக்கமும் சாயாத நெஞ்சுடையவர்கள் என்கிறார். வாங்கும்போது கூடுதலாக எடுக்கமாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கமாட்டார்கள் என்கிறார். வள்ளுவரும் வாணிகரைப் பற்றி ஒரு குறள் பாடினார். பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணிச் செய்வதே வாணிகருக்கு வாணிகம் என்பது அதன் கருத்து. அந்தக் குறளை அவர் எங்கே வைத்தார் என்பதையும் நோக்க வேண்டும். பொருள் சேர்ப்பதைப் பேசும் பொருட்பாலில் அவர் அதை வைக்கவில்லை. அறத்துப்பாலிலே, நடுவுநிலைமை என்ற அதிகாரத்தின் இறுதிக் குறளாக வைத்தார். தராசுக்கோலைச் சான்றோருக்கு உவமையாக்கிய குறளும் அதே அதிகாரத்திலேதான் இருக்கின்றது. விலை கூறுவதை நீதி வழங்குவதற்குச் சமமான செயலாக எமது முன்னோர் கண்டனர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இப்பொழுது எங்கள் தலவாக்கலைக் கடைத்தெருவுக்கு வருவோம். சம்பளம் கிடைத்த பின் வரும் ஞாயிற்றுக்கிழமையிலே சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மக்கள் நகரத்துக்கு இறங்கி வருகிறார்கள். 1983ஆம் ஆண்டிலே கார்கில்ஸ் நிறுவனம் கொழும்பில் முதலாவது பூட் சிற்றியைத் திறந்தபோது சுப்பர் மார்க்கெற் என்பது நகரத்து வசதி படைத்தவருக்கு உரிய இடமாகவே இருந்தது. இன்று மலையகச் சிறு நகரங்களிலும் அத்தகைய கடைகள் உள்ளன. கூடையைத் தள்ளிக்கொண்டு, விரும்பியதைத் தாமே எடுத்து, அச்சிட்ட பற்றுச்சீட்டுடன் வெளியே வருவது எமது மக்களுக்கும் ஒரு மதிப்பைத் தந்திருக்கின்றது. அதை நான் குறைத்துப் பேச வரவில்லை. அந்தத் தட்டுகளிலே தொங்கும் அட்டைகளை நாம் எவ்வாறு வாசிக்கிறோம் என்பதே என் கேள்வி.

"ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்." "மூன்று வாங்கினால் 10 சதவீதக் கழிவு." "50 சதவீதம் வரை விலைக்குறைப்பு." இந்த வாசகங்களில் உள்ள சொற்கள் பெரும்பாலும் பொய்யானவை அல்ல. விடுபட்டுப் போன சொல்லே எம்மை ஏமாற்றுகின்றது. இலக்கணத்திலே தொகைநிலைத் தொடர் என்று படித்திருக்கிறோம். உருபு மறைந்து நிற்கும், பொருள் உணர்பவன் அதை விரித்து உணர்ந்துகொள்ள வேண்டும். கடை அட்டைகளும் அத்தகைய தொகைகளே. விரித்துப் பார்க்கத் தெரிந்தவனே பொருள் காண்பான். "50 சதவீதம் வரை" என்பதிலே உயிர்நிலை "வரை" என்ற இடைச்சொல்லிலே இருக்கின்றது. நூறு பொருள்களில் ஒன்றுக்கு 50 சதவீதமும் மற்றவற்றுக்கு 5 சதவீதமும் குறைத்தாலும் அந்த வாசகம் உண்மைதான். ஆனால் அந்த இடைச்சொல் அட்டையின் ஓரத்திலே பொடி எழுத்தில் ஒதுங்கி நிற்கும், 50 என்ற எண்ணோ வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும்.

"மூன்று வாங்கினால்" என்பதை விரித்துப் பார்ப்போம். ஓர் உதாரணத்துக்காக, சவர்க்காரக் கட்டி ஒன்று 130 ரூபாவுக்கு விற்கப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விலை 150 ரூபாவாக ஏறுகின்றது. அடுத்த வாரம் மூன்று வாங்கினால் 10 சதவீதக் கழிவு என்று அட்டை தொங்குகின்றது. மூன்று கட்டியின் விலை 450 ரூபா. கழிவு 45 ரூபா போக நாம் கொடுப்பது 405 ரூபா. அதாவது ஒரு கட்டி 135 ரூபா. பழைய விலையைவிட 5 ரூபா கூடுதல். ஒரு கட்டி வாங்க வந்தவர் மூன்று கட்டிக்குப் பணம் கட்டிவிட்டு, 45 ரூபா மிச்சம் பிடித்தேன் என்று மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போகிறார்.

ஒன்றைக் காட்டி இன்னொன்றுக்கு விலை பெறும் இந்த முறை எமது காப்பியத்துக்கும் புதியது அன்று. சிலப்பதிகாரத்திலே மாதவியின் அரங்கேற்றம் முடிந்தபின், அரசன் அளித்த மாலையைக் கூனி ஒருத்தி எடுத்துச் சென்று, செல்வ இளைஞர் உலாவும் தெருவிலே நிற்கிறாள். மாலையின் விலை 1008 கழஞ்சு பொன். அதை வாங்குபவன் மாதவிக்கு மணமகனாவான் என்பது நிபந்தனை. கோவலன் வாங்கினான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது 1008 கழஞ்சு என்ற எண் மட்டுமே. பின்னர் அவன் கொடுத்ததோ தன் குலச் செல்வம் முழுவதையும். இறுதியிலே கண்ணகியின் சிலம்பையும் விற்கப் போய்த் தன் உயிரையும் கொடுத்தான். மாதவி மீது குற்றம் சொல்வதற்காக இதை நான் கூறவில்லை. விலைபேசப்பட்டவளும் அவளே. அட்டையிலே எழுதியிருக்கும் எண்ணும் நாம் இறுதியில் கொடுக்கும் விலையும் வேறுவேறாக இருக்கக்கூடும் என்பதை இளங்கோ அன்றே காட்டியிருக்கிறார் என்பதைத்தான் கூற வருகிறேன்.

விலையை ஏற்றிவிட்டுப் பின்பு இறக்கிக் காட்டுவது எமது ஊருக்கு மட்டும் உரிய தந்திரம் அன்று. 2024 செப்டெம்பரிலே அவுஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு, அந்த நாட்டின் மிகப்பெரிய இரண்டு அங்காடி நிறுவனங்களான வூல்வேர்த்ஸ், கோல்ஸ் ஆகியவற்றின் மீது வழக்குத் தொடுத்தது. வழக்கிலே ஆணைக்குழு எடுத்துக்காட்டிய பண்டங்களில் ஒன்று வூல்வேர்த்ஸ் விற்ற 370 கிராம் ஓரியோ பிஸ்கட் பொதி. ஆணைக்குழுவின் கூற்றுப்படி, அந்தப் பொதி குறைந்தது 696 நாட்கள் 3 டொலர் 50 சதத்துக்கு விற்கப்பட்டது. 2022 நவம்பர் 28ஆம் திகதி அதன் விலை 5 டொலராக உயர்ந்தது. 22 நாட்கள் மட்டுமே அந்த விலை நீடித்தது. அதன்பின் "விலை இறங்கியது" என்ற அட்டையோடு 4 டொலர் 50 சதத்துக்கு அது தட்டுக்கு வந்தது. 5 டொலரோடு ஒப்பிட்டால் அது இறக்கம். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நிலவிய விலையோடு ஒப்பிட்டால் ஒரு டொலர் ஏற்றம். பிரித்தானியாவிலும் 2015ஆம் ஆண்டிலே "விச்" என்னும் நுகர்வோர் அமைப்பு, அங்காடிகளின் குழப்பமான விலை அறிவிப்புகளைப் பற்றி அரசின் போட்டி மற்றும் சந்தை அதிகாரசபையிடம் முறைப்படி முறையிட்டது. படிப்பும் வசதியும் மிகுந்த நாடுகளிலேயே இந்தக் கதையென்றால், சம்பளத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தட்டுகளுக்கிடையே நிற்கும் எமது தோட்டத்துத் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது வழி இன்னும் அமைதியானது. விலை அசையாது, நிறை குறையும். 1,000 ரூபாவுக்கு விற்கும் 400 கிராம் பொதி ஒன்று, அதே நிறம், அதே படம், அதே விலையுடன் 360 கிராமாகிவிட்டது என்று கொள்வோம். 100 கிராமின் விலை 250 ரூபாவிலிருந்து ஏறத்தாழ 278 ரூபாவுக்கு உயர்ந்துவிட்டது. விலையேற்றம் 11 சதவீதம். ஆனால் எந்த அட்டையும் தொங்கவில்லை, எவரும் முறையிடவில்லை.

பாண் விடயத்திலே எமது மொழியே இதற்குச் சாட்சி சொல்கின்றது. "ஓர் இறாத்தல் பாண்" என்று இன்றும் கேட்கிறோம். இறாத்தல் என்பது ஏறத்தாழ 454 கிராம். பெயர் அப்படியே நின்றது, நிறைதான் கடைக்குக் கடை மாறியது. 2024 பெப்ரவரியில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, ஓர் இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும், 13.5 கிராமுக்கு மேல் குறையக் கூடாது என்று வர்த்தமானி மூலம் விதிக்க வேண்டி வந்தது. ஒரு சொல்லுக்கு அதன் பழைய பொருளை மீட்டுக் கொடுப்பதற்கே சட்டம் தேவைப்பட்டது என்பதை மொழியாசிரியர்கள் மறந்துவிடலாகாது.

நேயர்களே, வகுப்பிலே நடந்த ஒரு சிறு உரையாடலை இவ்விடத்திலே கூற வேண்டும். மேல் வகுப்பு மாணவர்களிடம் ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். கடைகளிலே காணும் விளம்பர வாசகங்களை எழுதி வந்து, அவற்றிலே தொக்கி நிற்கும் சொற்களை விரித்துக் காட்ட வேண்டும் என்பது பயிற்சி. தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்:

"சேர், கொழுந்து மடுவத்துல அம்மாவுக்குக் கழிக்கிறாங்க. கடையில கழிவு குடுக்கிறோம்னு போட்டிருக்காங்க. ரெண்டும் ஒரே சொல்லா சேர்?"

ஒரே சொல்தான் என்று விடை கூறினேன். கழி என்ற வினையடியிலிருந்து பிறந்த பெயர் கழிவு. நீக்கப்பட்டது என்பது அதன் பொருள். கணக்கிலே கழித்தல், கடையிலே விலைக்கழிவு, வீட்டிலே கழிவுப்பொருள் என்று அது பல இடங்களில் வழங்குகின்றது. இலக்கணப்படி விடை அவ்வளவே. ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வி இலக்கணத்தோடு முடியவில்லை. யாரிடமிருந்து கழிக்கப்படுகின்றது, யாருக்காகக் கழிக்கப்படுகின்றது என்பதே அவள் கேட்டது.

கொழுந்து நிறுக்கும் இடத்திலே சாக்கின் நிறைக்கென்றும் இலையிலுள்ள ஈரத்துக்கென்றும் கிலோக் கணக்கில் கழிப்பது மலையகத்தின் மிகப் பழைய முறைப்பாடு. மழையில் நனைந்த கொழுந்திலே நீரின் நிறை இருக்கும் என்பது உண்மை. சாக்குக்கும் நிறை உண்டு. ஆனால் எவ்வளவு கழிப்பது என்பதைப் பறித்தவளின் கண்முன்னே அளந்து காட்டுவதற்கும், எல்லோருக்கும் ஒரே எண்ணைக் கழித்துவிடுவதற்கும் வேறுபாடு உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் படித்தவர்கள் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் அந்தப் பாடல்களிலே எவ்வாறு இடம்பெறுகிறார்கள் என்பதை அறிவார்கள். என். எஸ். எம். இராமையாவின் "ஒரு கூடைக் கொழுந்து" என்ற சிறுகதையைப் படித்தவர்கள், கொழுந்தின் நிறை என்பது ஒரு பெண்ணின் மானத்தோடும் பிணைந்தது என்பதை அறிவார்கள். தராசு மலையக இலக்கியத்திலே ஒரு சாதாரணக் கருவி அன்று.

இன்னும் பின்னே சென்றால் துண்டு முறை இருந்தது. தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் இவரை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அந்தச் சீட்டோடு கங்காணி தன் ஆட்களை வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோவான். புதிய தோட்டம் கடனைக் கட்டும், தொழிலாளியின் பெயரிலே அதே கடன் தொடரும். பண்டத்திலே அல்ல, மனிதர் மீதே தொங்கவிடப்பட்ட விலைத்துண்டு அது. அதிலே எழுதியிருந்த தொகையை, யாருடைய பெயரில் அது எழுதப்பட்டதோ அவரால் வாசிக்க முடியவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை ஒழித்தது. துண்டு ஒழிந்தது. ஆனால் தன் கணக்கைத் தானே வாசிக்க வேண்டும் என்ற தேவை ஒழியவில்லை.

இப்போது அந்த மாணவியின் கேள்வியை எண்களால் எழுதிப் பார்ப்போம். 20 கிலோ கொழுந்திலே 2 கிலோ கழித்தால் பத்தில் ஒரு பங்கு போகின்றது. 400 கிராம் பொதியிலே 40 கிராம் குறைந்தாலும் பத்தில் ஒரு பங்கு போகின்றது. உழைப்பை விற்கும் இடத்திலே ஒரு பத்திலொன்று, உணவை வாங்கும் இடத்திலே ஒரு பத்திலொன்று. இரண்டு தராசுக்கும் நடுவிலே நிற்பது ஒரே குடும்பம். முதலாவது கழிவுக்கு எதிராகச் சங்கம் பேசுகின்றது, தலைவர்கள் பேசுகிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன. இரண்டாவது கழிவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அது சலுகை என்ற பெயரோடு வருவதே காரணம்.

ஐந்து பத்து ரூபாவுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்களும் உண்டு. 2024 செப்டெம்பரிலே தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. முன்னே கூறிய சவர்க்காரக் கணக்கிலே கழிவென்று காட்டப்பட்டது 45 ரூபா. அது அந்த நாட்சம்பளத்தின் முப்பதில் ஒரு பங்கு. எட்டு மணிநேர வேலையிலே 16 நிமிடம். மலைச்சரிவிலே மழையில் நின்று பறித்த 16 நிமிடத்தை ஒரு வண்ண அட்டை எடுத்துக்கொள்ளலாமா? 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவு ஏறத்தாழ 195 ரூபாவானது. அந்த நாட்களிலே விலைகள் நாளுக்கு நாள் மாறியதனால், எது நியாய விலை என்ற நினைவே மக்களுக்குக் கலங்கிப்போனது. பழைய விலை நினைவில் இல்லாத இடத்திலே எந்த விலையையும் "குறைந்த விலை" என்று காட்டிவிடலாம்.

மற்றொரு சங்கடமும் உண்டு. மூன்று வாங்கினால் உண்மையிலேயே மலிவு என்று இருந்தாலும், மூன்று வாங்கப் பணம் வேண்டும். சம்பளத்துக்கும் அட்வான்சுக்கும் இடையிலே நாட்களை எண்ணும் குடும்பம் அன்றன்றைக்கு வேண்டியதையே வாங்கும். 250 கிராம் சீனி, 100 கிராம் பருப்பு, ஒரு சிறு பைக்கற் தேயிலைத் தூள். மொத்தமாக வாங்குபவருக்குக் கிடைக்கும் கழிவு, சில்லறையாக வாங்குபவரின் தோளிலே ஏறுகின்றது. சிறு பைக்கற்றுகளை நம்பி வாழ்பவர்கள் இவர்களே. 2021 மார்ச் இறுதியிலிருந்து, உணவும் மருந்தும் தவிர்ந்த பொருட்களை 20 கிராம் அல்லது 20 மில்லிலீற்றர் வரையான சிறு பைக்கற்றுகளில் விற்பது சுற்றாடல் நலம் கருதித் தடைசெய்யப்பட்டது. நோக்கம் நல்லது. ஆயினும் ஒரு நாளைக்குப் போதுமான ஷாம்பூவை மட்டும் வாங்கிய ஏழைக்குப் பெரிய போத்தலை விட்டால் வேறு வழி என்ன என்பதும் கேட்கத்தக்க கேள்வியே.

சிறு கடைகள் எல்லாம் உத்தமமானவை, பெரிய கடைகள் எல்லாம் ஏமாற்றுபவை என்று நான் கூறவில்லை. பற்றுக் கொப்பியிலே எழுதிக் கடன் கொடுத்து, சம்பளமில்லாத மாதங்களிலே குடும்பங்களைக் காப்பாற்றிய கடைக்காரர்கள் எமது நகரங்களிலே உண்டு. அதே கொப்பியிலே விலையை எழுதாமல் தொகையை மட்டும் எழுதியவர்களும் உண்டு. 2021ஆம் ஆண்டிலே பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வேறு பொருள்கள் வாங்கினால்தான் பால்மா தருவோம் என்று நிபந்தனை விதித்த கடைகளும் நாட்டிலே இருந்தன. "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதன் மறுபக்கம் அது. ஒன்றை வாங்காவிட்டால் மற்றது இல்லை. பிள்ளையின் பாலைப் பணயமாக வைத்து விற்ற அந்த விற்பனைக்கு எந்த அட்டையும் தேவைப்படவில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்டால், உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் எமது கையிலே இருக்கின்றது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது வழிநடத்தக்கூடிய எந்த நடத்தையிலும் வர்த்தகர் ஈடுபடலாகாது என்று அதன் 30ஆம் பிரிவு கூறுகின்றது. "வழிநடத்தக்கூடிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். பொய் சொன்னால் மட்டுமல்ல, மெய்யைப் பொய்யாக விளங்கும்படி சொன்னாலும் குற்றமே. பொய்யான கூற்றுகளைப் பற்றி அடுத்த பிரிவு பேசுகின்றது. விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பனவும் அதே சட்டத்தின் விதிகள். 2021ஆம் ஆண்டுத் திருத்தம், நிர்ணயித்த உச்ச விலைக்கு மேல் விற்கும் நிறுவனங்களுக்கான தண்டப்பணத்தை 5 இலட்சம் ரூபாவிலிருந்து 50 இலட்சம் ரூபா வரை உயர்த்தியது. தராசுகளைப் பொறுத்தவரை 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டம் இருக்கின்றது. வியாபாரத்துக்குப் பயன்படும் தராசு பரிசோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும்.

ஆனால் சட்டப் புத்தகமும் வாசிக்கப்படாதவரை அலுமாரியிலே உறங்கும் ஏடுதான். ஆகவே வீட்டுக்கு வீடு செய்யக்கூடிய நான்கு செயல்களை முன்வைக்கின்றேன்.

முதலாவது, விலையைப் பார்க்குமுன் நிறையைப் பாருங்கள். இரண்டு பொதிகளை ஒப்பிடும்போது 100 கிராமுக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். கையடக்கத் தொலைபேசியிலே கணக்குப்பொறி உண்டு. விலையை நிறையால் வகுத்து நூறால் பெருக்கினால் போதும். 100 கிராம் 120 ரூபாவுக்கும், "குடும்பப் பொதி" என்ற பெயருடன் 360 கிராம் 450 ரூபாவுக்கும் இருந்தால், பெரிய பொதியிலே 100 கிராம் 125 ரூபா. குடும்பம் என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் விலை அது. ஐரோப்பிய ஒன்றியம் 1998ஆம் ஆண்டிலேயே பண்டங்களின் விலையோடு ஓர் அலகின் விலையையும் காட்ட வேண்டும் என்று கட்டளை பிறப்பித்தது. அந்த வழக்கம் எமது கடைத்தட்டுகளிலும் வேரூன்ற வேண்டும்.

இரண்டாவது, வழமையாக வாங்கும் பத்துப் பண்டங்களின் விலையையும் நிறையையும் ஒரு கொப்பியிலே மாதத்துக்கு ஒருமுறை எழுதி வாருங்கள். பாடசாலை செல்லும் பிள்ளை ஒன்று எழுதலாம். "முன்னைய விலை" என்று அட்டை சொல்வதை நம்ப வேண்டிய அவசியம் அந்த வீட்டுக்கு இல்லை.

மூன்றாவது, பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கடையை விட்டு வெளியேறுமுன் வாசியுங்கள். தட்டிலே ஒரு விலையும் சீட்டிலே வேறு விலையும் இருந்தால் அங்கேயே கேளுங்கள். கேட்பது வெட்கத்துக்குரியது அன்று.

நான்காவது, தீராவிட்டால் முறையிடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் துரித தொலைபேசி இலக்கம் 1977. எழுத்து மூலமும் முறையிடலாம். பொருள் வாங்கி மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு செல்ல வேண்டும். அதற்குப் பற்றுச்சீட்டே சான்று. முறைப்பாட்டைத் தமிழிலே எழுதுங்கள். தமிழிலே எழுதத் தெரியாமல் எவரும் தயங்கினால், எங்களைப் போன்ற தமிழாசிரியர்கள் எதற்கு இருக்கிறோம்?

வர்த்தகப் பெருமக்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சலுகையைப் பெரிய எழுத்தில் தமிழிலே எழுதும் நீங்கள், நிபந்தனையையும் அதே அளவிலே தமிழிலே எழுதுங்கள். சலுகை தாய்மொழியிலும் நிபந்தனை பொடி ஆங்கிலத்திலும் இருப்பது நடுவுநிலைமை ஆகாது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் பெயர்கள் எமக்குத் தெரியவில்லை. ஆனால் கொடுப்பதைக் குறைக்காதவர்கள் என்ற ஒரு குணத்துக்காக அவர்கள் இன்றும் வகுப்பறைகளில் வாழ்கிறார்கள். நல்ல விளம்பரம் அதைவிட வேறென்ன?

மலையகத் தமிழர் வரலாறு 200 ஆண்டுகளைக் கடந்துவிட்டதை 2023இலே நினைவுகூர்ந்தோம். அந்த நீண்ட காலத்திலே எமது மக்களைப் பற்றிய கணக்குகளைப் பெரும்பாலும் மற்றவர்களே எழுதினார்கள். செக்றோலிலும் பற்றேட்டிலும் துண்டிலும் எழுதப்பட்ட எண்களின் முன்னே எமது மூதாதையர் கைந்நாட்டு வைத்துவிட்டு நின்றார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு நாம் எழுத்தறிவித்தது பரீட்சை வினாவுக்கு விடை எழுதுவதற்கு மட்டுமா? எழுத்தும் எண்ணும் மனிதனுக்கு இரு கண்கள் என்று மேடைகளிலே முழங்குகிறோம். அந்தக் கண்களைக் கொழுந்து மடுவத்தின் தராசிலும் கடைத்தட்டின் அட்டையிலும் ஒருசேர வைப்போமாயின், அந்த மாணவி கேட்ட கேள்விக்கு அவளே விடை எழுதுவாள்.